உளுத்தால் மாற்றலாம்

இங்கிலாந்தின் மால்வெர்னில் 1909-ல் எச்.எஃப்.எஸ். மார்கன் ஒரு மூன்று சக்கர வண்டியைக் கட்டினார். இன்றும் அதே ஊரில்தான் மார்கன் கார்கள் உருவாகின்றன. அலுமினியத் தகட்டுக்கு உள்ளே, உடலைத் தாங்குவது ஆஷ் மரச் சட்டம். தச்சர்கள் இழைத்துப் பொருத்துவது.

1990-ல் ஒளிபரப்பான பிபிசி நிகழ்ச்சிக்காக அங்கே வந்த தொழில் வல்லுநர் சர் ஜான் ஹார்வி-ஜோன்ஸ், உற்பத்தியைக் கூட்டச் சொன்னார். ஒரு காருக்குப் பல ஆண்டுகள் காத்திருந்த காலம் அது. ஆனாலும் மார்கன் குடும்பம் அவர் சொன்ன வழியில் போகவில்லை; தச்சர்களின் கைவேலையையே தொடர்ந்தது. அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

பழைய மார்கன் சொகுசு வண்டி அல்ல. மேடுபள்ளத்தில் இடுப்பை உலுக்கும்; கித்தான் கூரை மழையை முழுதாகத் தடுக்காது. உரிமையாளர்களுக்கு இது தெரியும், தெரிந்தே வாங்குகிறார்கள். தரம் என்றால் குறையே இல்லாமை என்று மட்டும் ஏன் கொள்ள வேண்டும்? ஐம்பது வருடக் காரில் மரம் உளுத்துப்போனால், அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை இழைத்துச் சேர்க்கலாம். கார் மறுபடி சாலைக்கு வந்துவிடும். அப்பாவின் மார்கனைப் பிள்ளைகள் ஓட்ட முடிவது இதனால்தான்.