உழைப்பவர் கற்கும் நேரம் யாருடையது?

கல்வி வேண்டுமென்று கேட்டவனைக் கடிந்து விரட்டிய காலம் ஒன்றிருந்தது. சோர்ந்து கிடப்பவனைக் கற்க வாவென்று கடிந்தழைக்கும் காலம் இது. இந்நாட்டிலே உழைத்துண்ணும் தமிழ் மக்கள் இவ்விரண்டையும் கண்டுவிட்டனர். மரஞ்சீவும் கூலிக்கு எழுத்தெதற்கு என்று நம் முன்னோரைப் பார்த்துக் கேட்டார்கள். அவர்தம் பேரப்பிள்ளைகளைப் பார்த்தோ, நாற்பது வயதாயினும் ஐம்பது வயதாயினும் மீண்டும் வகுப்பிற் சென்று அமருங்கள், இல்லையேல் வேலை நிலையாது என்று நாள்தோறும் சொல்கிறார்கள். சர்க்கார் சொல்கிறது, முதலாளிமார் சொல்கின்றனர், தொழிற்சங்கத் தலைவர்களும் சேர்ந்தே சொல்கின்றனர். நாமும் அதை மறுக்க வரவில்லை. கற்றல் நன்று என்பதில் ஐயம் எழுப்ப எழுத்தில்லாதிருந்து துன்புற்ற ஒரு சமூகத்துக்கு உரிமையில்லை. நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. வயது வந்த உழைப்பாளி கற்பது அவனுடைய கடமை என்றால், அந்தக் கடமை எவருடைய நேரத்தில் நிறைவேற வேண்டும்?

பணமில்லை என்று இன்று எவரும் எளிதாகச் சொல்லித் தப்பிவிட இயலாது. சிங்கப்பூரில் 1979-ஆம் ஆண்டிலேயே திறன் வளர்ச்சிக்கென முதலாளிகள்மீது ஒரு தீர்வை விதிக்கப்பட்டது. இன்று அது ஒவ்வோர் ஊழியரின் மாதச் சம்பளத்திலும் முதல் 4,500 வெள்ளிக்கு நூற்றுக்குக் கால் வெள்ளி வீதம் வசூலாகிறது. 2016 முதல், 25 வயது நிரம்பிய குடிமக்கள் ஒவ்வொருவர் பெயரிலும் ஸ்கில்ஸ்பியூச்சர் என்னும் திட்டத்தில் 500 வெள்ளி வரவு வைக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்க்கு இன்னும் 4,000 வெள்ளி சேர்ந்தது. மலேசியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மனிதவள நிதி தோன்றிற்று. சட்டத்துக்கு உட்பட்ட தொழில்களிலே பத்து மலேசியத் தொழிலாளரும் அதற்கு மேலும் வைத்திருக்கும் முதலாளி, சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு வெள்ளி அந்நிதிக்குக் கட்டுகிறார். அங்கே ஒரு குறை உண்டு. கட்டிய தொகை முதலாளியின் கணக்கில் நிற்கிறது. எவரை எந்த வகுப்புக்கு அனுப்புவது என்பதும் அவர் விருப்பமே. தொழிலாளி தன் பெயரால் எழுந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்க அங்கே வாயில் இல்லை. எப்படியாயினும் இரு நாட்டிலும் பணம் என்று ஒன்று இருக்கிறது. இல்லாதது வேறொன்று.

காவல் வேலை பார்க்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முன்னாளில் ஜாகா வேலை என்றோமே, அதுதான். பல இடங்களில் இன்னும் பன்னிரண்டு மணி நேர முறை. வாரத்தில் ஆறு நாள். போக வர இரண்டு மணி. உறக்கத்துக்கு ஏழு மணி. மிஞ்சுவது மூன்று மணி. இந்த மூன்று மணியிலே குளிக்க வேண்டும், உண்ண வேண்டும், பிள்ளை உறங்குமுன் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும், வீட்டு வாடகைக்கும் மின்சாரத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். அதன் பின்னர்க் கணினி முன் அமர்ந்து பாடம் படிக்க வேண்டும் என்றால், அம்மனிதர் தம் உறக்கத்திலிருந்துதான் அந்த நேரத்தை வெட்டியெடுக்க முடியும். அவர் கணக்கில் 4,000 வெள்ளி இருப்பது கயிறில்லாத கிணற்றில் நீர் இருப்பது போல்வது. பெண்மக்களின் நிலைமையைச் சொல்லவே வேண்டுவதில்லை. அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்துவிட்டு வீடு திரும்பும் தாய்க்குச் சம்பளமில்லாத இரண்டாவது வேலையொன்று அடுப்படியிலே காத்திருக்கிறது. மாலை வகுப்பு ஏழு மணிக்கு என்று அறிவிப்பு எழுதியவர், அந்த ஏழு மணிக்கு அவள் வீட்டில் சோறாக்குவது யார் என்று எண்ணினாரா?

எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி தன் விருப்பம் என்று உலகத் தொழிலாளர் கேட்டனர். 1886-இல் சிக்காகோ நகரில் அந்தக் கோரிக்கைக்காக உயிர்கள் போயின. அந்த மூன்றாவது எட்டு மணியின் பொருள் என்ன? மனிதன் கூலிக்கு உழைப்பவன் மட்டுமல்லன். தந்தை, தாய், தோழன், குடிமகன், பாட்டுக் கேட்பவன், சும்மா இருப்பவனுங்கூட என்பதே அதன் பொருள். (சும்மா இருப்பதை இழிவாக எண்ணுவோர் பெரும்பாலும் வேறொருவர் சமைத்த சோற்றை உண்டுவிட்டுச் சும்மா இருப்பவர்களே.) வேலைக்கு வேண்டிய பயிற்சியை வேலை நேரத்துக்கு வெளியே தள்ளும்போது அந்த மூன்றாவது எட்டிலே கைவைக்கிறார்கள். வேலையின் எல்லை ஓசையின்றி வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. ஓசையின்றி என்கிறோம், ஏனெனில் அது கட்டளை என்ற பெயரில் வராமல் முன்னேற்றம் என்ற பெயரில் வருகிறது. கட்டளையை எதிர்க்கலாம். முன்னேற்றத்தை எதிர்ப்பவனைச் சோம்பேறி என்றல்லவா உலகம் பழிக்கும்?

முதலாளிமார் இதற்கு விடை சொல்வார்கள். கற்ற திறமை கற்றவனிடமே தங்குகிறது; நாங்கள் கற்பித்தனுப்பினால் அடுத்த கம்பெனி அவனைக் கூட்டிக்கொண்டு போகிறது; ஆகவே அவன் தன் நேரத்தைக் கொடுப்பதுதான் நியாயம் என்பார்கள். இது வெறும் சூழ்ச்சிச் சொல்லன்று. சிறு கடை வைத்து நடத்தும் நம்மவரும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். எனினும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழகத்திலிருந்து வந்து சிங்கப்பூரிலே கட்டட வேலை செய்யும் ஊழியருக்காக முதலாளி சர்க்காருக்கு மாதந்தோறும் தீர்வை கட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல் அடிப்படைத் திறன் ஊழியருக்கு 900 வெள்ளி, உயர்திறன் ஊழியருக்கு 500 வெள்ளி என்பது விகிதம். ஊழியர் அனுபவமும் பெற்று, ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியிலமர்ந்து படித்துத் தேர்வும் தேறி உயர்திறன் படிக்கு ஏறிவிட்டால், முதலாளிக்கு மாதம் 400, ஆண்டுக்கு 4,800 வெள்ளி மிச்சம். அதில் எனக்கு ஒரு பங்கு என்று கேட்க ஊழியருக்கு உரிமையில்லை. திறமை அவரிடம் தங்குகிறது, மெய்தான். இலாபம் எங்கே தங்குகிறது?

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். முதலிற் கூறிய கால் வெள்ளித் தீர்வை வெளிநாட்டு ஊழியரின் சம்பளத்தையும் கணக்கிட்டே வாங்கப்படுகிறது. ஆனால் தனிமனிதர் பெயரில் வைக்கும் பயிற்சி வரவு குடிமக்களுக்கு மட்டுமே. விடியுமுன் ஜொகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலங்கடந்து வந்து உழைத்துத் திரும்பும் மலேசியத் தமிழருக்கு இந்தக் கரையிலே அந்தக் கணக்கு இல்லை. அந்தக் கரையிலோ அவருக்காக நிதி கட்டும் முதலாளி இல்லை.

கடமை என்ற சொல்லைச் சற்று நின்று பார்ப்போம். ஒருவன்மீது கடமையொன்றைச் சுமத்துகிறவர், அதைச் செய்யும் வழியையும் அவனுக்கு விட்டுவைத்தல் வேண்டும். கையைக் கட்டிவைத்து நீந்து என்பது கட்டளையாகாது, கொடுமையாகும். நேரத்தை வைத்துக்கொண்டு கற்றுக்கொள் என்பதும் அவ்வாறே. இதனினும் பெரிய தீங்கு பின்னால் வருகிறது. கற்கவில்லை என்ற ஒன்றையே குற்றமாக்கி, வேலையிழந்தவனை நோக்கி, உனக்கு வாய்ப்பிருந்தது, நீ பயன்படுத்தவில்லை என்று சொல்ல இது வசதியாகிவிடுகிறது. தொழிலை மாற்றியவர் எவர், இயந்திரத்தைக் கொணர்ந்தவர் எவர், கிளையை மூடியவர் எவர் என்னும் கேள்விகளெல்லாம் மறைந்து, வகுப்புக்குப் போகாத அந்த ஒரு மனிதன் மட்டும் குற்றவாளிக் கூண்டிலே நிற்கிறான்.

தோட்டத் தமிழர்க்கு இது புதிய கதையன்று. ரப்பர் மரம் சீவுதல் எளிய வேலையென்று அறியாதார் நினைப்பர். பட்டையை நூலளவே சீவ வேண்டும். கத்தி உட்கட்டையைத் தொட்டால் மரம் காயப்படும். மேலோடு நின்றால் பால் வாராது. இருட்டிலே, நெற்றி விளக்கின் ஒளியிலே, நூற்றுக்கணக்கான மரங்களில் நாள்தோறும் அந்த நூலளவைக் கைதவறாது காத்தவர் நம் தாய்மார். அதைவிடத் தேர்ந்த கைத்திறன் எந்தப் பட்டறையில் உண்டு? ஆனால் 1960-ஆம் ஆண்டுகள் முதற்கொண்டு ரப்பர் நின்ற நிலமெல்லாம் எண்ணெய்ப்பனை ஏறிற்று. பின்னர் நகரத்தை அடுத்த தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் ஆயின. அந்தக் கைத்திறன் ஒரே தலைமுறையில் விலையற்றுப் போயிற்று. வேறு தொழில் கற்பித்து அனுப்பினார்களா? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரிருந்தால் தோட்டத்திலே பள்ளி வைக்கச் சொன்னது, பிள்ளைகளோடு நின்றது. பெற்றோர் என்றென்றும் மரஞ்சீவிக்கொண்டே இருப்பர் என்று கருதினார்கள் போலும். பின்னர் லயத்தை விட்டு வெளியேறிப் பட்டணத்து ஓரத்தில் குடிசை போட்டவரைப் பார்த்து, இவர்கள் திறனற்றவர்கள் என்று எழுதினார்கள். திறன் அவர்களிடம் இருந்தது. புதிய திறனைக் கற்கும் நேரத்தைத்தான் எவரும் கொடுக்கவில்லை.

கற்பிக்கப்படுவது எது என்பதும் நம் வினாவைச் சேர்ந்ததே. சிங்கப்பூரில் 1960-இல் வயது வந்தோர் கல்வி வாரியம் அமைத்து மொழிப்பாடங்களும் நடத்தினார்கள். 1979-இல் அது தொழிற்பயிற்சி வாரியத்தோடு இணைந்துவிட்டது. 1983-இல் தொடக்கக் கல்வி முடியாத தொழிலாளர்க்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கும் திட்டம் வந்தது. அதனாற் பயனடைந்தோர் நம்மிடையிலும் உள்ளனர். இன்றைய 4,000 வெள்ளியோ, வேலை வாய்ப்பைப் பெருக்கும் எனத் தேர்ந்தெடுத்த வகுப்புகளுக்கு மட்டுமே செல்லும். வேலைக்கு உதவும் கல்வி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தன் வேலை ஒப்பந்தத்தைத் தானே படித்துப் பொருள் காண விரும்புகிறவன், சம்பளச் சட்டத்தை அறிய விரும்புகிறவன், தான் பேசும் மொழியில் பிழையின்றி ஒரு விண்ணப்பம் எழுத விரும்புகிறவன், இவர்கள் கேட்பதும் கல்வியே. முதலாளிக்குப் பயன்படுகிற அறிவு மட்டும் அறிவு என்று ஏற்றுக்கொண்டால், அடுத்து நாம் முதலாளிக்குப் பயன்படுகிற அளவுக்கே மனிதர் என்பதையும் ஏற்றுக்கொள்ள நேரிடும்.

நம்மவர் குறையையும் மூடி வைத்தலாகாது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்னும் பழமொழியைச் சொல்லிச் சொல்லியே வயது வந்தவர் கற்பதை நாம் நகைப்புக்கு உரியதாக்கி வைத்திருக்கிறோம். பேரனுக்கு முன்னால் புத்தகம் விரிக்க வெட்கப்படும் தாத்தாவை நமக்குத் தெரியும். வகுப்புக்குப் புறப்படும் மனைவியைப் பார்த்து இந்த வயதில் உனக்கு என்ன பள்ளிக்கூடம் என்று கேட்கும் கணவனையும் தெரியும். வளைப்பதற்கு மனிதன் மூங்கிலா? ஐம்பது வயதுக்காரர் கைத்தொலைபேசியில் பணம் அனுப்பக் கற்கவில்லையா? சங்கங்களும் மன்றங்களும் வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கின்றன. அந்தக் கூடத்திலே மாலைதோறும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இருவர் அமர்ந்தால், பத்துத் தாய்மார் வகுப்புக்குப் போகலாம். பொன்னாடைச் செலவைவிட அது குறைவு. சான்றிதழ் வணிகம் ஒன்று வேறு வளர்ந்திருக்கிறது. பயிற்சி நடந்ததாகப் பொய்க்கணக்கு எழுதிச் சிங்கப்பூரில் ஒரு கூட்டம் சுமார் 4 கோடி வெள்ளி வாங்கிக்கொண்டது 2017-இல் வெளிப்பட்டது. பெயர் கொடு, கையெழுத்துப் போடு, பணம் தருகிறோம் என்று வருவோருக்கு நம் மக்கள் இடங்கொடுக்கலாகாது.

நேரத்துக்கும் விலையுண்டு என்று ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருப்பதற்குச் சில அடையாளங்கள் தெரிகின்றன. 2025 முதல், நாற்பது வயது கடந்த சிங்கப்பூர்க் குடிமக்கள் வேலையை நிறுத்தி முழுநேரம் நீண்ட வகுப்பொன்றில் சேர்ந்தால், முன்பு ஈட்டியதிற் பாதி, மாதம் 3,000 வெள்ளிக்கு மேற்படாமல் உதவித்தொகை கிடைக்கிறது. பாதிச் சம்பளத்தில் குடும்பம் நடத்த வல்லவர் யாரென்று கேட்கலாம். ஆயினும் கொள்கை ஒப்புக்கொள்ளப்பட்டது. துப்புரவுத் தொழிலில் 2014 முதலும், காவல் தொழிலில் 2016 முதலும் நடைபெறும் படிப்படியான சம்பள உயர்வு முறையில், பயிற்சியோடு சம்பளப் படியும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. கற்றவனுக்குக் கூலி உயர வேண்டும் என்பது அங்கே முதலாளியின் மனமிரக்கத்தைப் பொறுத்த காரியமன்று. வெளிநாடுகளைப் பார்த்தால், பிரான்சில் 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் சுவீடனில் 1974-ஆம் ஆண்டுச் சட்டமும் பயிற்சிக்காக விடுப்பு எடுத்தலைத் தொழிலாளியின் உரிமையாக்கின. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதே 1974-இல் சம்பளத்தோடு கூடிய கல்வி விடுமுறைக்கென ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அந்நாடுகளின் ஆலைகள் அதனால் மூடிப் போய்விடவில்லை.

ஆதலால் தொழிற்சங்கத் தோழர்களிடம் நாம் கேட்பது சிறியதொன்று. மலேசியாவில் கூட்டு ஒப்பந்தம் மூன்றாண்டுக்குக் குறையாத காலத்துக்கு எழுதப்படுகிறது. அதைப் புதுப்பிக்கும் நாளில் சம்பளத்தையும் போனஸையும் பற்றிப் பேசுகிறவர்கள், முதலாளி கேட்கும் பயிற்சியின் நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்படும் என்னும் ஒரு வரியையும் மேசைமேல் வைக்க வேண்டும். ஓய்வு நாளில் நடத்தினால் மாற்று நாள் விடுப்பு. தேர்வு நாளுக்குச் சம்பளம். தொழிலாளியே வகுப்பைத் தேர்ந்து கேட்டால் முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் விடை. சிங்கப்பூர்ச் சங்கங்களும் இதையே கேட்கலாம். முதலாளிகள் மறுத்தால், என்ன காரணம் கூறி மறுத்தனர் என்பதை அறிக்கையாக வெளியிட்டு, அங்கத்தினர் கூட்டத்திலே தமிழில் படித்துக் காட்டட்டும்.