பெயரைக் காப்பதா, உண்மையைக் காப்பதா?

ஓர் எழுத்தாளர் மறைந்த பின்னர் அவர்தம் எழுத்துக்குப் பொறுப்பாளர் யார்? சட்டம் இவ்வினாவிற்கு எளிதில் விடை கூறிவிடும். உரிமை வாரிசைச் சாரும். குறித்த ஆண்டுகள் கழிந்தபின் அது பொதுவுடைமையாகும். அறத்தின் விடை அத்துணை எளிதன்று. அதிலும், மறைந்தவருக்கு உறவோ வாரிசோ அல்லாத சிலர், அவர் எழுத்தின்பால் கொண்ட பற்று ஒன்றையே உரிமையாகக் கொண்டு ஓர் ஆய்வுக் கழகத்தை நிறுவி நடத்த முற்படும்போது சிக்கல் பெரிதாகிறது. அக்கழகம் யாருக்குக் கடமைப்பட்டது? மறைந்தவரின் விருப்பத்திற்கா? அவர் பிறந்த நாட்டின் புகழுக்கா? அன்றி, என்றோ ஒருநாள் அந்நூலைக் கையிலெடுக்கப்போகும் முகமறியாத வாசகனுக்கா?

1961ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய அனைத்துலக ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் ஆய்வுக் கழகத்தின் வரலாறு இதனை எண்ணிப் பார்க்கத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

ஷ்னிட்ஸ்லர் 1862இல் வியன்னாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர், மருத்துவம் பயின்றவர். நோயாளியின் நாடியைப் பார்த்த அதே கண்ணோட்டத்துடன் தம் நகரத்து மாந்தரின் உள்ளத்தையும் பார்த்தார். 1900இல் வெளிவந்த ‘லெப்டினன்ட் குஸ்டல்’ என்னும் கதையில் இளம் படை அதிகாரி ஒருவனின் போலி மானவுணர்ச்சியைத் தோலுரித்துக் காட்டியதற்காக, மறு ஆண்டே அவருடைய படைத்துறைத் தகுதி பறிக்கப்பட்டது. 1931இல் அவர் மறைந்தார். 1933இல் செருமனியில் அவர் நூல்கள் தீக்கிரையாயின. 1938 மார்ச்சுத் திங்களில் இட்லரின் படைகள் வியன்னாவினுள் நுழைந்தபோது, அவருடைய வீட்டில் ஆயிரக்கணக்கான கையெழுத்துப் பக்கங்கள் அச்சேறாமல் இருந்தன. அவை எந்த நாளும் அழிக்கப்படலாம் என்ற நிலை. அப்போது கேம்பிரிட்ஜைச் சேர்ந்த எரிக் பிளாக்கால் என்னும் இளைஞர் ஒருவர் வியன்னாவில் இருந்தார். அவருடைய முயற்சியால் தாள்கள் இருந்த அறைக்குப் பிரித்தானிய முத்திரை இடப்பட்டது. பின்னர் அவை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தைச் சென்றடைந்தன. ஷ்னிட்ஸ்லரின் மணவிலக்குப் பெற்ற மனைவியார் ஓல்கா அவற்றைக் கையளித்தார். சட்டப்படியான உரிமையோ மகன் ஐன்ரிக்குடையது. அவர் அப்போது நாட்டில் இல்லை. ஆகவே, யாருடைய பொருளை யார் கொடுத்தார் என்ற வழக்கு பின்னாளில் எழாமல் இல்லை.

ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். அன்று முறையான ஒப்புதலுக்காகக் காத்திருந்தால் தாள்கள் சாம்பலாகியிருக்கலாம். காத்தவர் செயல் நன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும், காப்பாற்றியவன் என்பதாலேயே ஒருவன் உடைமையாளன் ஆகிவிட மாட்டான். எரியும் வீட்டிலிருந்து பெட்டியை வெளியே கொணர்ந்தவன், தீ அணைந்தபின் பெட்டியின் சாவியைத் தன் மடியில் முடிந்துகொள்ளலாமா? ஆய்வுக் கழகங்கள் அனைத்தும் என்றாவது ஒருநாள் எதிர்கொள்ளும் வினா இது. தாம் வளர்த்த துறை தமக்கே உரியது என்னும் எண்ணம் நல்லவர்களிடமே எளிதில் குடிபுகுகிறது.

மறைந்தவரின் விருப்பம் பற்றிய வினா இதனினும் கடினமானது. ஷ்னிட்ஸ்லரின் ‘வட்ட நடனம்’ பத்து உரையாடல்களால் ஆன நாடகம். பரத்தை முதல் பிரபு வரை பத்து மாந்தர் ஒருவரையொருவர் தொடர்ந்து சங்கிலிபோல் பிணைந்து வருவர். 1920 திசம்பரில் பெர்லினிலும், 1921 பிப்ரவரியில் வியன்னாவிலும் அது மேடையேறியபோது கலகம் மூண்டது. யூத வெறுப்பும் அக்கலகத்தில் கலந்திருந்தது. பெர்லினில் நடிகர்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுவிக்கப்பட்டனர். மனம் நொந்த ஆசிரியர் இனி அதனை மேடையேற்ற வேண்டா எனத் தடுத்துவிட்டார். மகன் ஐன்ரிக் நாடக இயக்குநர். மேடையின் அருமை அறிந்தவர். எனினும், தந்தையின் சொல்லைப் பல்லாண்டுகள் காத்தார். 1982 சனவரி முதல் நாளன்றுதான் தடை நீங்கியது. அதுவரை அந்நாடகத்தை நூலாகப் படிக்கலாம். 1950இல் மாக்ஸ் ஓபுல்ஸ் பிரான்சில் எடுத்த திரைப்படமாகக் காணலாம். செருமன் மொழி மேடையில் காண இயலாது.

இம்மகனைப் போற்றுவதா, குறை கூறுவதா? காஃப்காவின் நண்பர் மாக்ஸ் பிராட், எரித்துவிடுமாறு கேட்டுக்கொள்ளப்பட்ட தாள்களை எரிக்காமல் அச்சிட்டார். உலகம் அவருக்கு நன்றி பாராட்டுகிறது. தாமஸ் பெர்ன்கார்டு 1989இல் மறையுமுன், பதிப்புரிமை உள்ளவரை தம் நாடகங்கள் ஆஸ்திரிய மண்ணில் நடிக்கப்படலாகாது என்று எழுதிவைத்தார். சில ஆண்டுகளிலேயே அவருடைய வாரிசு அத்தடையைத் தளர்த்திவிட்டார். மீறியவர் இருவர், காத்தவர் ஒருவர். பயனை மட்டும் நோக்கின் மீறியவரே வென்றவர். ஆயினும் ஐன்ரிக்கின் செயலில் ஒரு பெருமை உண்டு. தந்தை காயமுற்றதைக் கண்ணால் கண்டவர் அவர். நூல் அழிந்துவிடவில்லை, படிக்க விரும்பியவர் படித்தனர். அழிப்பது வேறு, காத்திருக்கச் செய்வது வேறு.

வாரிசுக்குரிய இந்தத் தயக்கம் ஆய்வுக் கழகத்திற்கு உரியதன்று. வாரிசு மறைந்தவருக்கு வாக்குக் கொடுத்தவர். கழகம் படிப்போருக்கு வாக்குக் கொடுத்தது. ஷ்னிட்ஸ்லர் பதினேழு வயது முதல் இறுதி நாட்கள் வரை எழுதிய நாட்குறிப்பை ஆஸ்திரிய அறிவியற் கழகம் 1981 முதல் 2000 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அதில் அவர் பெண்களிடம் நடந்துகொண்ட முறை மறைவின்றிக் காணப்படுகிறது, எல்லாம் பெருமைக்குரியதன்று. அவர் பெயரால் கூடிய அறிஞர்கள் அப்பக்கங்களைக் கண்டும் காணாதவர்போல் கடந்து சென்றிருந்தால், அவர்கள் நடத்துவது ஆய்வுக் கழகமாகாது, பக்தர் குழாமாகும். எய்மிட்டோ ஃபொன் டோடரர் 1933இல் நாசிக் கட்சியில் சேர்ந்தவர். போருக்குப் பின் வியன்னாவின் சிறந்த நாவல்களுள் சிலவற்றைப் படைத்தவர். அவர் கட்சியில் சேர்ந்த ஆண்டை விழுங்கிவிட்டுக் கட்டுரை எழுதுபவர் அவருக்கு நண்பராகலாம், ஆய்வாளராகார்.

நாட்டின் பெயர் கழகத்தின் நெற்றியில் ஏறும்போது சோதனை கடுமையாகிறது. ஷ்னிட்ஸ்லர் கழகத்தின் இதழ் 1968இலேயே ‘நவீன ஆஸ்திரிய இலக்கியம்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. எழுபதுகளின் தொடக்கம் முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கலிபோர்னியாவிலிருந்து டொனால்டு டாவியோ அதனைத் தொகுத்து வந்தார். 2000த்தில் கழகமும் அப்பெயரையொட்டி மாறியது. பின்னர் ஆஸ்திரியவியல் கழகமாயிற்று. ஆஸ்திரிய நாடோ, 1943ஆம் ஆண்டு மாஸ்கோ அறிக்கையின் ஒரு தொடரைப் பற்றிக்கொண்டு, தான் இட்லரின் முதற் பலி என்றே நெடுங்காலம் கூறிவந்தது. தன் மக்களுள் பலரும் அக்கொடுமையில் பங்குகொண்டதைத் தலைமையமைச்சர் பிரானிட்ஸ்கி நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது 1991 சூலையில்தான். அந்த இடைக்காலத்தில் ‘ஆஸ்திரியப் பண்பாடு’ என்று எழுதிய பேனா எதனைச் சொல்ல வேண்டியிருந்தது? வால்ட்சு இசையையும் அரண்மனைகளையும் மட்டும் சொன்னால் அது சுற்றுலாத் துறையின் வேலை. விரட்டப்பட்டவர்களையும் சொன்னால், மாநாட்டுக்கு உதவும் தூதரகத்தின் முகம் சற்றே சுருங்கலாம். உதவி பெறுவது இழிவன்று. எழுதப்போகும் வாக்கியத்தை உதவி கருதி மாற்றுவதே இழிவு. இரண்டிற்கும் இடையிலுள்ள கோடு மிக மெல்லியது. அதனைத் தாண்டியவர் தாண்டியதை அறிவதே இல்லை.

இத்தகைய பெரிய அறங்கள் கழகத்தில் சிறிய வடிவிலேயே வந்து நிற்கும். ஆய்வுக் கழகங்களின் பணியிற் பெரும்பகுதி ஊதியமில்லாதது. கல்லூரிப் பாடம் முடித்து வீடு திரும்பியபின் மெய்ப்புத் திருத்தும் பேராசிரியர், சந்தா கட்டாதவருக்கு மூன்றாம் முறை கடிதம் எழுதும் பொருளாளர், இவர்களாலேயே இதழ் வெளிவருகிறது. ஒருநாள், கழகத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் வலுவற்ற கட்டுரையொன்றை அனுப்பிவைக்கிறார். அதே அஞ்சலில், பெயர் அறியாத மாணவி ஒருத்தியின் சிறந்த கட்டுரையும் வருகிறது. இடமோ ஒன்றுக்குத்தான் உண்டு. முப்பதாண்டு உழைப்பிற்குச் செய்யும் நன்றி எது? மூத்தவரின் கட்டுரையை மரியாதையோடு திருப்பியனுப்புதலே அவர் வளர்த்த இதழுக்குச் செய்யும் நன்றி எனலாம். எழுதுவது எளிது, அக்கடிதத்தில் கையொப்பமிடும் கைக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

பெயரை மாற்றியது ஷ்னிட்ஸ்லருக்கு இழைத்த நன்றிக்கேடு ஆகாதா என்று கேட்போர் உளர். ஒருவர் பெயரால் திறந்த வாயில் வழியே மற்றவரும் நுழைவது அவருக்குக் குறைவன்று. ஆனால், நுழைபவர் யார் என்பதில்தான் தொல்லை. பிராகில் பிறந்த ரில்கேயும் காஃப்காவும், கலீசியாவின் பிராடியில் பிறந்த ஜோசப் ரோத்தும் பழைய பேரரசின் குடிகள். எலியாஸ் கனெட்டி பிறந்தது பல்கேரியாவில். பால் செலான் செர்னோவிட்சில் பிறந்த 1920இல் அந்நகரம் ஆஸ்திரியாவின் ஆட்சியிலிருந்து உருமேனியாவிற்குப் போய்விட்டிருந்தது. அவர் வாழ்ந்து மறைந்ததோ பாரிசில். இவரை ஆஸ்திரியர் என்று அழைத்துக்கொள்ளும் உரிமை, அவர் பெற்றோரைச் சாகடித்த ஆட்சியை ஆரவாரத்தோடு வரவேற்ற ஒரு நாட்டிற்கு உண்டா? அவர் எழுதிய மொழியைக் கற்கும் மாணவனுக்கு இவ்வினாவைச் சொல்லாமலே கவிதையைக் கற்பித்துவிட முடியுமா? செலானைப் பற்றிய கட்டுரை வரும்போதெல்லாம் பதிப்பாசிரியர் இதனைப் புதிதாக எண்ணிப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. முன்னவர் எழுதிவைத்த விதி அவருக்கு முழுதும் துணைசெய்வதில்லை.