மழைக்கு முன் ஒரு வாளி

வீடு கட்டி வந்த புதிதில் தெருவிலிருந்து மூன்று படி ஏறி வாசலுக்கு வருவோம். இப்போது ஒரு படி இறங்குகிறோம். வீடு நின்ற இடத்தில்தான் நிற்கிறது. சாலை போட வரும் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே கொட்டி உருட்டிவிட்டுப் போனதில் தெரு வளர்ந்துவிட்டது. சென்னை விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் பொழிச்சலூரில் இப்படிக் குள்ளமாகிப்போன வீடுகள் நிறைய. மழைத் தண்ணீர் தானாக வெளியேற வழியில்லாத அந்த வீடுகளுக்கு ஒரு குழி வேண்டியிருக்கிறது. குழிக்குள் ஒரு மோட்டாரும்.

•

எங்கள் குழி முன்வாசல் மூலையில், துளசி மாடத்துக்குப் பின்னால். இரண்டடிக்கு இரண்டடி, ஆழம் மூன்றடி. உள்ளே அரை எச்.பி. சப்மெர்சிபிள். அதன் இடுப்பிலிருந்து வயரில் தொங்கும் ஃப்ளோட், பார்க்க ஒட்டுமாங்காய் மாதிரி இருக்கும். தண்ணீர் ஏறினால் மாங்காய் மிதந்து தலைகீழாகும், மோட்டார் ஓடும். தண்ணீர் வடிந்தால் மாங்காய் தொங்கும், மோட்டார் நிற்கும். இதற்குமேல் அதற்கு எதுவும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

மாசியிலிருந்து ஆனிவரை அதற்கு வேலையே கிடையாது. ஆடி, ஆவணியில் இடியோடு வரும் சாயங்கால மழைக்கு எப்போதாவது ஒரு முனகல்.

•

"ஓடி தேஞ்ச மோட்டார விட, சும்மா கிடந்து கெட்ட மோட்டார்தான் சார் நம்மகிட்ட அதிகமா வரும்" என்றார் மெக்கானிக் தம்பி. பம்மலில் சின்னக் கடை. மழைக்காலத்தில் கடை வாசலே தெரியாது, அவ்வளவு மோட்டார் வரிசையில் கிடக்கும்.

விளக்கிச் சொன்னார். தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் சீல் என்பது வழவழப்பான இரண்டு வளையங்கள், ஒன்றின்மேல் ஒன்று. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். முதல் மழைக்குத் திடீரென்று சுற்றும்போது உரசிப் பிய்ந்துபோகும். பிறகு தண்ணீர் மெதுவாகக் காயிலுக்குள் இறங்கும். கண்டென்சரும் சும்மா இருந்தபடியே பலம் குறையும். அப்போது மோட்டார் 'உம்ம்' என்று முனகும், சுற்றாது. ஐந்து நிமிடம் அப்படி முனகவிட்டால் கருகிய வாசனை வந்துவிடும்.

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஏழு வருடமாகிறது. தம்பி மோட்டாரைப் பற்றித்தான் பேசினார்.

•

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முதலில் மெயினை அணைத்தேன். மோட்டாரைக் கயிற்றைப் பிடித்துத்தான் மேலே தூக்க வேண்டும். வயரைப் பிடித்துத் தூக்கினால் வயர் உள்ளே நுழையும் இடத்தில் விரிசல் விழும், அடுத்த மழையில் அந்த வழியாகத் தண்ணீர் போகும். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

அடிச்சல்லடையில் வேப்பிலைக் காம்புகள், தலைமுடி, பிஸ்கட் உறை, ஒரு ஷட்டில்காக்கின் இறகு. குழியின் அடியில் நான்கு விரல் சேறு. சேற்றை அள்ளித் துளசிக்கே போட்டேன். மோட்டாரைத் திரும்ப இறக்கி, ஃப்ளோட் சுவரில் இடிக்காமல் சுற்றி வருகிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்தேன். பலருக்கும் பழுதாவது மோட்டார் இல்லை, சுவரில் சிக்கிக்கொண்ட இந்த மாங்காய்தான்.

பிறகு தண்ணீர். குழியில் ஓரடி உயரம் என்றால் 113 லிட்டர். ஏழெட்டு வாளி. மனைவி குழாயடியிலிருந்தே கேட்டாள்: "மழையே வரல, அதுக்குள்ள என்ன இது?"

•

காதால்தான் சோதிக்க வேண்டும். இந்த ஊரில் அது சுலபமில்லை. விமானம் தலைக்கு மேல் தாழ்ந்து போகும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ஒன்று போகட்டும் என்று காத்திருந்தேன். அடுத்தது வருவதற்குள் சுவிட்சைப் போட்டேன்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு மெல்லிய, ஒரே சீரான சத்தம். கூழாங்கல் உருளும் ஒலி இல்லை, முனகல் இல்லை. ஓரடித் தண்ணீர் ஐம்பது வினாடியில் காலி. மாங்காய் தொங்கியது. மோட்டார் நின்றது. குழாயிலிருந்த தண்ணீர் திரும்பிக் குழிக்குள் விழுகிறதா என்று குனிந்து கேட்டேன். நான்கு மீட்டர் குழாயில் ஐந்து லிட்டராவது நிற்கும். அதைத் திரும்பவிடாமல் தடுக்கும் வால்வு சரியில்லாவிட்டால், மோட்டார் நிற்கும் ஒவ்வொரு முறையும் அது கீழே வரும், அடுத்த முறை மோட்டார் அதையே மறுபடி மேலே தள்ளும். மழை இரவெல்லாம் அதே ஐந்து லிட்டரோடும் மாரடிக்கும்.

விழவில்லை.

•

மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானையும் அழுத்தினேன். 'டப்' என்று விழுந்தது. முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழ வேண்டும். ஈரக்காலோடு மோட்டார் சுவிட்சைத் தொட்டு உயிர்விட்டவர்கள் செய்தி ஒவ்வொரு மழைக்கும் வருகிறது. 2015க்கு முன்னால் எங்கள் சுவிட்சு தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருந்தது. இப்போது நெஞ்சு உயரத்தில்.

•

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் மறுநாள் காலைவரை 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்ததாகப் பின்னால் படித்தோம். அன்று இரவு நாங்கள் அறிந்ததெல்லாம் வாசற்படி மறைந்துகொண்டிருந்தது மட்டும்தான்.

பல வருடம் கழித்து ஒரு மத்தியானம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை கிரவுண்டு மனை, 1,200 சதுர அடி. அதில் 49 செ.மீ. மழை என்றால் சுமார் 54,600 லிட்டர். 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் நிமிடத்துக்கு 38 லிட்டர். குழி மோட்டார் நிமிடத்துக்கு 130 லிட்டருக்கு மேல் தள்ளும். அதாவது, என் மனைமேல் விழுந்த அவ்வளவு மழையையும் அந்தச் சின்ன மோட்டார் சமாளித்திருக்கும்.

ஆனால் அன்று உள்ளே வந்தது என் மனையில் விழுந்த மழை அல்ல. அடையாறு ஆதனூர்ப் பக்கமிருந்தும், வரதராஜபுரம், முடிச்சூரைத் தாண்டியும், எத்தனையோ ஏரிகளின் உபரியைச் சுமந்துகொண்டு வந்தது. நான் தெருவுக்குத் தள்ளியதைத் தெரு எனக்கே திருப்பித் தந்தது. கரண்டை நிறுத்தும்வரை மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பாவம், அதற்கு என்ன தெரியும்.

அதற்கப்புறம் சில நாள் விமானச் சத்தமே இல்லை. அந்த நிசப்தம்தான் எனக்கு இன்றும் பயம். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்றும் ஓடுபாதையில் தண்ணீர், வானம் ஊமை. நான் குழியைப் பார்க்குமுன் வானத்தைக் கவனித்தேன்.

•

54,600 லிட்டர் என்றால் பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் நாலரை லாரி. 2019 கோடையில் ஒரு லாரிக்காக எத்தனை நாள் போன் செய்து காத்திருந்தோம். அந்த ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னைக்கு வந்தது. இந்த வீட்டில் இரண்டு மோட்டார். சித்திரையில் சம்ப் மோட்டார் இல்லாத தண்ணீரை உறிஞ்சப் பார்க்கும். கார்த்திகையில் குழி மோட்டார் இருப்பதை வெளியே எறியும். மாடித் தண்ணீர் மட்டும் மழைநீர்த் தொட்டிக்குப் போகிறது. அதன் மேல் மணலை இந்த முறைதான் மாற்றினேன். 2003இல் மழைநீர் சேகரிப்புச் சட்டம் வந்த அவசரத்தில் வெட்டியது, அதற்குப் பிறகு நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

•

சனிக்கிழமை. அகத்தீஸ்வரர் கோயிலில் எள் தீபக் கூட்டம். வட திருநள்ளாறு என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். திரும்பும் வழியில் எதிர்வீட்டு அக்கா நிறுத்தினார்.

"ஞாயித்துக்கெழம மோட்டார் போட்டீங்களா?"

"சும்மா டெஸ்ட்டுதான்மா."

"எங்க வாசல்ல தெரிஞ்சுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர்கள் வீடு எங்களுக்கு இரண்டு படி கீழே. அவர்களுக்கும் ஒரு குழி, ஒரு மோட்டார். அவர்கள் தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்தேன். அடுத்த வீட்டு வாசல். அங்கேயும் ஒரு குழி இருக்கும். இப்படியே ஆறுவரை ஒருவர் தண்ணீரை ஒருவர் கைமாற்றிக்கொண்டு கிடக்கிறோம்.

எங்கள் ஹோஸ் பன்னிரண்டடி. தெருமுனை வடிகால் இருபதடியில். இத்தனை வருடமாக இந்த எட்டடியை நான் அளந்ததே இல்லை.

•

புரட்டாசி. ஆயுத பூஜை. தையல் மிஷின், அரிவாள்மனை, சைக்கிள், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். குழி மூடிக்கும் ஒரு பொட்டு. பக்கத்தில் புதிதாக வாங்கிய பத்தடி ஹோஸ் சுருண்டு கிடந்தது. மனைவி அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு உள்ளே போனாள்.

•

ஐப்பசி. நேற்று இரவு இரண்டு மணிக்குப் பிடித்தது. படுத்தபடியே கேட்டேன். முதலில் தகரக் கூரையில், பிறகு துளசியில், பிறகு எல்லா இடத்திலும். அரை மணி கழித்துக் குழிக்குள் அந்தச் சீரான சத்தம். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டிலும் ஒன்று கிளம்பியது, எங்களுடையதைவிடக் கனத்த குரல். அதற்கு பேரிங் மாற்ற வேண்டும். காலையில் அக்காவிடம் சொல்லணும்.

மேலே ஒரு விமானம் இறங்கியது.