'நல்ல பிள்ளை' என்னும் வேடம்

யாழ்ப்பாணத்திலே பிள்ளைகளை எடைபோட இரண்டு சொற்கள் போதும்: ஒன்று 'கெட்டிக்காரன்', மற்றது 'குழப்படிக்காரன்'. இரண்டிற்கும் இடையிலே ஓர் இளம் உள்ளம் படும் பாட்டை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கவனத்தை வேண்டியவிடத்து நிறுத்தவும் திருப்பவும் இயலாது அல்லற்படும் நிலையை மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்கின்றனர். 1902 இலே ஜோர்ஜ் ஸ்ரில் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இத்தகைய பிள்ளைகள் சிலரை விவரித்தபோது, அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையென்றே கூறினார். அது மூளை வளர்ச்சியின் வேறுபாடு என்பது இன்று தெளிவு. ஆயினும் நமது ஊரிலே 1902 இன்னும் முடியவில்லை! ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முதல் உயர்தரம் வரை, பாடசாலையிலும் பின்னேர ரியூட்டரியிலும் அசையாதிருப்பதே ஒழுக்கம், அசைபவன் தறுதலை. பிரம்படியை 2005 ஆம் ஆண்டுக் கல்வி அமைச்சுச் சுற்றறிக்கை தடைசெய்தது. ஏளனத்துக்குச் சுற்றறிக்கை ஏது?

ஆகவே பிள்ளை நடிக்கக் கற்கிறது. ஆடுங் காலை மற்றக் காலால் மிதித்துக்கொள்கிறது. செவியில் விழாததற்கும் தலையசைக்கிறது. வளர்ந்த பின்னரும் நடிப்பு ஓய்வதில்லை. மறதிக்கு அஞ்சிக் கந்தோருக்கு ஒரு மணி நேரம் முந்திச் சென்று காத்திருப்பதும், பகலிலே சிதறிய வேலையை இரவிலே இரகசியமாக முடிப்பதும் அதே நாடகத்தின் பிற்காட்சிகள். பெண்பிள்ளைகளின் நிலை இன்னுங் கொடிது. அவர்களது அலைவு பெரும்பாலும் உள்ளத்துள்ளே நிகழ்வது. வாங்கிலே சாதுவாக இருப்பவளை எவர் கவனிப்பார்? 'அடக்கமான பெட்டை' என்ற புகழ் வேறு. கலியாணப் பேச்சும் அப்புகழோடு கட்டுண்டு கிடக்கிறது.

உள்ளதை மறைத்தல் வஞ்சகமல்லவா என்று அறநெறி அன்பர்கள் கேட்பர். தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1957 இல் வந்த பின்னரும், தேநீர்க்கடையிலே சமமாக அமர்வதற்கு அறுபதுகளிலே போராடவேண்டியிருந்தது. அந்நாளிலே தன் குறிச்சியின் பெயரைச் சொல்லத் தயங்கியவனைப் பொய்யன் என்போமா? இரண்டும் ஒன்றென நாம் வாதிக்கவில்லை. சாதி மனிதன் கற்பித்தது. இதுவோ ஒருவனது அன்றாடத்தை உண்மையாகவே இடர்ப்படுத்துவது. ஆனால், வாய்திறந்தால் வாசல் அடைபடும் என்ற அச்சம் இரண்டிற்கும் பொது. அச்சத்தாற் பிறந்த மறைப்புக்கு அஞ்சவைத்தவனே முதற் பொறுப்பாளி.

இதிலே பெருங்கொடுமை யாதெனில், திறம்பட மறைத்தவனுக்கே உதவி கிட்டாமற் போவது. "சோதனை பாஸ் பண்ணினவனுக்கு என்ன வருத்தம்?" என்று வீடே கேட்கிறது. அவனும் நாளடைவிலே அதையே தன்னிடம் கேட்டு, தன் களைப்பைச் சோம்பல் என நம்பிவிடுகிறான்.

'மறையாதே, வெளியே சொல்' என்று உபதேசிப்பது எளிது. சொன்னபின் கிடைக்கும் பட்டப்பெயரைச் சுமப்பவர் உபதேசியார் அல்லரே! நின்றுகொண்டு எழுத வகுப்பின் ஓரத்திலே ஒரு மேசை. பரீட்சையிலே சிறிது மேலதிக நேரம். இவற்றையேனும் கேளாமலே கொடுக்க நமது பாடசாலைகளில் எத்தனை அதிபர்கள் முன்வருவர்?