அளவும் இசைவும்

கேமரன் மலைத் தேயிலைச் சரிவில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்ந்த ஒரு தாயை எண்ணிப் பார்க்கலாம். மேற்படிப்புக்காகக் கடல் கடந்து செல்லவிருக்கும் மகளிடம் அவள் கேட்கிறாள்: “விமான நிலையத்தில் ஆளைக் கூண்டுக்குள் நிறுத்தி ஊடுருவிப் பார்க்கிறார்களாமே, உடம்புக்கு ஒன்றும் ஆகிவிடாதே, கண்ணு?”

எளிய கேள்விதான். ஆயினும் அதன் விடை அறிவியலோடு முடிவதன்று. அறத்தின் வாயிலையும் தட்டுவது.

உடல் முழுவதையும் சோதிக்கும் கருவிகள் இருவகையின. ஒன்று, ஊடுகதிரை உடலின்மீது பாய்ச்சி, அது சிதறி மீள்வதைக்கொண்டு உருக்காட்டுவது. மற்றொன்று, மில்லிமீட்டர் அலைகளால் இயங்குவது. பின்னதற்கு அணுவிலிருந்து மின்னணுவைப் பிரிக்கும் ஆற்றல் இல்லை. முன்னதற்கு உண்டு, எனினும் ஒருமுறை சோதனையில் உடல் ஏற்பது 0.1 மைக்ரோசீவர்ட்டுக்கும் குறைவு. வானில் சில நிமிடம் பறப்பவர் விண்கதிர்களால் ஏற்கும் அளவே அது. இயற்கையோ ஒவ்வொருவருக்கும் உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வழங்குகிறது. ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் வாழ்ந்த அத்தாய், கடற்கரையில் வாழ்வோரைவிட மிகுதியான விண்கதிரை அறியாமலே ஏற்றிருப்பாள்.

அங்ஙனமாயின் அவள் கவலை வீணா? அன்று. பொதுமக்களுக்கு இயற்கைக்கும் மருத்துவத்துக்கும் புறம்பாக ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என வரம்பு வகுத்த அனைத்துலகக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம், அவ்வரம்புக்கும் முன்னதாக ஒரு நெறியை வைத்துள்ளது: நன்மை மிகுந்தாலன்றி எக்கதிர்வீச்சையும் ஏற்கச் செய்தல் ஆகாது. அளவு சிறிதென்பது மட்டுமே அனுமதி ஆகிவிடாது என்பதே இதன் உட்பொருள்.

பலர் உயிரைக் காக்க ஒவ்வொருவரும் அணுவளவு இடரை ஏற்பது முறையன்றோ என வினவலாம். 2009 டிசம்பரில் அமெரிக்கா சென்ற விமானமொன்றை வெடிவைத்துத் தகர்க்க நடந்த முயற்சிக்குப் பின் இவ்வாதம் வலுப்பெற்றது. ஆனால், அதே காவலை ஊடுகதிர் இன்றியே மற்றைய கருவி அளிக்குமாயின், அந்த அணுவளவு இடருக்கும் நியாயம் இல்லாது போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 நவம்பரில் மக்கள் நலங்கருதி ஊடுகதிர்க் கருவிகளை ஒப்புதல் பட்டியலில் சேர்க்காது விட்டது. அமெரிக்க விமான நிலையங்களிலிருந்தும் 2013க்குள் அவை அகன்றன. ஆங்கே காரணம் கதிரன்று, ஆடைக்குள் மறைந்த உடலைக் காட்டும் படங்கள் மானத்தைப் பறிக்கின்றன என்பதே.

இனி, இதே உரைகல்லை அத்தாயின் வாழ்க்கையில் உரைத்துப் பார்த்தல் தகும். நாட்டின் தோட்டங்களில் முதுகில் கலன் சுமந்து களைக்கொல்லி அடித்தவருள் பெண்கள் பலர். அவர்கள் கையாண்டவற்றுள் பாராகுவாட்டும் ஒன்று. முறிமருந்தே இல்லாத கொடிய நஞ்சு அது. மலேசியா 2002இல் அதற்குத் தடை அறிவித்தது. 2006இல் அத்தடை தளர்ந்தது. முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி முதல் நாளில்தான். வேறு களைக்கொல்லிகள் முன்பே இருந்தும் இத்துணைக் காலம் பிடித்தது. பயணியின் அணுவளவு இடருக்குச் சில ஆண்டுகளில் மாற்று வந்தது. பாட்டாளியின் மலையளவு இடருக்கோ ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன.

இவ்வேற்றுமையை விளைத்தது அறிவியல் அன்று. கருவியை மறுத்துக் கையால் சோதிக்கக் கேட்கும் உரிமை பல நாடுகளில் பயணிக்கு இருந்தது. கலனை மறுத்தவளுக்கோ அன்றைய கூலியே மறுக்கப்படும் என்ற அச்சம் இருந்தது. மறுக்க இயலாதவரின் மௌனத்தை இசைவு என்று கொள்வது அறமாகுமா?

ஆகவே மகள் கூறத்தக்க மறுமொழி இரண்டு. “அஞ்ச வேண்டாம் அம்மா, அதனால் உடம்புக்குக் கேடில்லை” என்பது ஒன்று. “உங்களிடம் கலனைக் கொடுத்தபோது இதே கேள்வியைக் கேட்க யாரும் இல்லையே” என்பது மற்றொன்று. இன்று அச்சரிவுகளில் உழைப்போருள் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தோர் பலர். அவர்கள் பொருட்டு அக்கேள்வியைக் கேட்பது, கற்றவர்மீது விழுந்த கடன்.