மருந்து தெரிந்த ஊருக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா?

பட்டாசு நம் மாவட்டத்துச் சரக்கு. ராஜபாளையம் நாயும் சிப்பிப்பாறை நாயும் நம் மாவட்டத்துப் பிறப்பு. 2005இல் அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இடம்பிடித்தது, பூரித்துப் போனோம். தீபாவளியன்று அதே நாயை வாசலில் சங்கிலியால் கட்டிப்போட்டு, பத்தடி தள்ளி அணுகுண்டுக்குத் திரி கிள்ளுகிறோமே, இது அடுக்குமா?

நாலு மீட்டர் தள்ளி நின்றால் 125 டெசிபல்; வெடிச்சத்தத்துக்குச் சட்டம் வைத்த வரம்பு அது. அதுவும் மனிதக் காதை வைத்துப் போட்ட கணக்கு. நாம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்போம், நாய் ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். பசுமைப் பட்டாசுதானே என்று சமாதானம் சொல்லாதீர்கள். நாயைப் பதறவைப்பது புகை அல்ல. (வெள்ளை ராஜபாளையங்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. அவையும் தப்புவதில்லை, வெளிச்சமும் தரை அதிர்வும் போதும்.)

கட்டிப்போட்ட நாய் மிரண்டு இழுத்தால் கழுத்து இறுகும். அவிழ்த்துவிட்டால் கண்மண் தெரியாமல் ஓடி லாரியில் அடிபடும். ஆகவே வீட்டுக்குள் விடுங்கள். காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று சில ஆண்டுகளாக அரசு நேரம் குறித்துவருகிறது. அதற்கு முன்பே சோறு வைத்து, வெளியே கூட்டிப்போய் வந்து, உள்ளறை ஜன்னலைச் சாத்தி டிவியைச் சத்தமாகப் போடுங்கள். கட்டிலுக்கடியில் பதுங்கினால் அதட்டி இழுக்காதீர்கள், அங்கேயே கிடக்கட்டும். நடுங்குகிறதே என்று நமக்கு வாங்கிய மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டாம். பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். ஆண்டுதோறும் நடுங்கும் நாய் என்றால் இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தெருநாயின் வாலில் சரவெடி கட்டும் பையனைப் பார்த்துச் சிரிக்கும் பெரியவர்களே, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். விலங்கைக் கொன்றாலோ முடமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை. சட்டம் இருக்கட்டும். கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அதற்கு என்ன பதில்?

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளக்கூடாது என்று ஊரே பல ஆண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. நம்மால் அது முடியாது. வெடியில்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் மருந்தின் குணம் நம்மைவிட யாருக்குத் தெரியும்? ஆலையில் மருந்து அறைக்குள் போகுமுன் வாசல் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்க வேண்டும். மிச்ச மருந்து ராத்தங்கக் கூடாது. அங்கே இவ்வளவு கறார் காட்டும் கைகள், வீட்டு வாசலில் மட்டும் கம்பி மத்தாப்பைக் கனலோடு தரையில் வீசுவதேன்? சற்று நேரத்தில் அதை மிதிப்பது வெறும் பாதம்.

பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள். எரிந்த கம்பி, நமுத்த வெடி, பாதி எரிந்த புஸ்வாணம் எல்லாம் அதில் போகட்டும். அன்றிரவே வாசலைக் கூட்டுங்கள், விடியட்டும் என்று விடாதீர்கள். சிதறிக் கிடக்கும் மருந்தை நாய் நக்கும், ஆடு மேயும்; பேரியம் உப்பு வயிற்றுக்குள் போனால் தசை செயலிழந்துவிடும். நாயின் கழுத்துப்பட்டையில் உங்கள் செல்போன் எண்ணை அழியாத மையில் இன்றைக்கே எழுதிவிடுங்கள். முதல் வெடி தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே கேட்கத் தொடங்கிவிடும்.