உடல் எனும் அமானிதம்



நம் உடல் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். நோய்க்காக இதயத்தில் கருவி பொருத்துவது அதனைக் காப்பதாகும். ஆனால், 2017-ம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு நிறுவனம், கதவு திறக்கவும் தின்பண்டம் வாங்கவும், தன் ஊழியர் 40 பேருக்கு மேல் கைத்தோலுக்கடியில் அரிசிமணியளவு கம்ப்யூட்டர் சில்லை ஊசியால் ஏற்றியது. விரும்பியவர்களுக்கு மட்டுமே என்றார்கள். எவரையும் வற்புறுத்தலாகாதென்று அம்மாநிலம் 2006-லேயே சட்டம் செய்திருந்தது.

எனினும், சம்பளம் கொடுப்பவர் முகம் பார்த்துச் சொல்லும் "சரி" முழுச் சம்மதமாகுமா? கடை வைத்து நாலு பேருக்குக் கூலி கொடுக்கும் நாம் இதனை நன்கறிவோம். நாம் பெறுவது உழைப்பை, உடலையன்று. கதவுக்குச் சாவி போதும். பிறர் அமானிதத்தில் கை வைக்காதிருக்க அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.